எண் போடாத பெட்டி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பேன். மரியாதைக்காக அல்ல. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி சுவரில் போய்ச் சேரும். "எனக்கென்ன பயம்?" என்று முகம் சிரிக்கும், கீழே கால் பிரேக்கைத் தேடித் தவித்துக்கொண்டிருக்கும். என்னிடம் படித்தவர்கள் எனக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, அதிலிருந்து நான் காலை எடுப்பதே இல்லை என்பது அவர்கள் புகார். எடுத்திருந்தால் புகார் சொல்ல அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரர் ராணுவத்தில் வயர்லெஸ் மெக்கானிக். பதினோரு வருடத்தில் இது ஐந்தாவது ஊர். மாற்றலால் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் சொல்கிறேன். எங்கே போனாலும் அதே சட்டை, அதே தொப்பி, மறுநாள் காலை அவருக்கென்று ஒரு மேஜை தயாராக இருக்கும். என் கதை வேறு. பயிற்சியாளர் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிடத்தில் மேட்டில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். ஓரிடத்தில் நூற்றிருபது கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். இன்னோரிடத்தில் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு வாருங்கள், அப்புறம்தான் விண்ணப்பமே தருவோம் என்றார்கள். நாலாவது ஊரில் தேர்வு வைக்க வந்த அதிகாரி கிளட்சை மிதித்த அழகைப் பார்த்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல் நானே அவருக்கு இரண்டு யோசனை சொன்னேன். மனிதர் மூன்று மாதம் இழுத்தடித்தார்.

எப்படியோ லைசென்ஸ் கைக்கு வரும். பின்னாலேயே மாற்றல் உத்தரவும் வரும். பதினோரு வருடத்தில் நான் பாடம் எடுத்தது மொத்தம் பத்தொன்பது மாதம். மீதி நாளெல்லாம் பெட்டி கட்டினேன், பெட்டி பிரித்தேன். வேலை தெரிந்த ஒருத்தியை வேலை செய்ய விடாமல் உட்கார வைத்தால் எவ்வளவு வலிக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

இந்த முறை கிளம்பும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். என்னிடம் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ இருக்கிறது. அடிப்பாகம் தேய்ந்து மெலிந்தது. பிரேக் எவ்வளவு இறங்குகிறது என்று பாதத்திலேயே தெரியும். பாடம் எடுக்க மட்டும்தான் அதைப் போடுவேன். முந்தைய ஊர்களிலெல்லாம் போய் இறங்கிய மறுநாளே அது வாசலில் தயாராக நிற்கும். போட்டுக்கொண்டு போகத்தான் இடம் இருக்காது. அதை முப்பத்தோராம் பெட்டியின் அடியில் போட்டு, மேலே பழைய திரைச்சீலைகளை அடுக்கி, டேப்பை இரண்டு சுற்று சுற்றினேன். "இதை அங்க போய்ப் பிரிக்கவே வேண்டாம்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் வயர்லெஸ்காரர், ஊர் பேசுவதையெல்லாம் கேட்பார், தான் பேசமாட்டார்.

புது ஊருக்கு வந்த இரண்டாவது வாரம், ராணுவக் குடும்பத்துப் பெண்களின் போன் குழுவில் ஒரு செய்தி வந்தது. ராணுவமும் எல்லா மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். ராணுவத்தாரின் மனைவிக்கோ கணவருக்கோ ஏதாவது ஒரு மாநிலத்துப் பயிற்சியாளர் லைசென்ஸ் இருந்தால் போதும், மறுதேர்வு கிடையாது. ஏழே நாளில் புது லைசென்ஸ், அது எல்லா மாநிலத்திலும் செல்லும். குழுவில் நாற்பது பேர் கைதட்டும் படம் போட்டார்கள். நான் போடவில்லை. அரசாங்கம் ஏழு நாள் என்றால் எந்த வருடத்து ஏழு நாள் என்று கேட்கிற ஜாதி நான்.

ஆனாலும் மறுநாள் காலை தெருமுனை டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றேன். அதன் ஓனரம்மா என்னை ஒரு சந்துக்குள் காரைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. அடுத்த வியாழக்கிழமை காலை ஏழரைக்குப் புது பேட்ச் ஆரம்பிக்குது. சின்ன காரை உங்ககிட்ட விட்டுடறேன். ஆனா லைசென்ஸ் கையில இருக்கணும். இல்லேன்னா இன்னொருத்தர் காத்துட்டிருக்கார், அவரைக் கூப்பிட்டுடுவேன். கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கமாட்டேங்க" என்றேன். பொய். அங்கிருந்து நேராக விண்ணப்பம் போடப் போனேன். அது புதன்கிழமை. எண்ணிப் பார்த்தால் அடுத்த புதனோடு சரியாக ஏழு நாள்.

போக்குவரத்து அலுவலகத்தின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்து அறை. ஒப்பந்தத்துக்காகவே இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். இடது மேஜையில் போக்குவரத்துத் துறைக்காரர். அவரை எல்லோரும் லைசென்ஸ் சார் என்றார்கள். குள்ளமானவர், படிய வாரிய தலை. என் பழக்கப்படி கீழே பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது போல. பளபளக்கும் கறுப்பு ஷூ இரண்டையும் ஓர் அட்டைப்பெட்டிமேல் சொகுசாக வைத்திருந்தார். இவருக்கு சீட்டை முழுக்க முன்னால் தள்ள வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

வலது மேஜையில் ராணுவக் குடும்ப உதவி மையத்துக்காரர். முப்பது வருடம் ராணுவப் பண்டகசாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் ஸ்டோர் சார். அவருக்குப் பின்னால் சுவரை மறைத்து அட்டைப்பெட்டிகள் கூரைவரை நின்றன. உதவி மையம் ஊரின் மறுகோடியிலிருந்து இந்த அறைக்கு மாறி வந்து மூன்று வாரமாம். இடம் மாறுகிறவர்களுக்கு உதவவென்றே இருக்கும் அலுவலகம், தான் இடம் மாறி இன்னும் பெட்டி பிரிக்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் ஒரு சொந்தக்கார உணர்வே வந்துவிட்டது.

இரண்டு மேஜைக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. லைசென்ஸ் சார் என் விண்ணப்பத்தை வாங்கி, 'கணவர் ராணுவத்தில் பணிபுரிவதை உறுதி செய்க' என்று எழுதித் தட்டில் போட்டார். அது நாலாவது மாடிக்குப் போய், பதிவெண் வாங்கி, மூன்றாம் நாள் இறங்கி வந்து ஸ்டோர் சாரின் தட்டில் விழுந்தது. ஸ்டோர் சார் 'உறுதி செய்யப்படுகிறது' என்று எழுதி, மறுபடியும் நாலாவது மாடிக்கு அனுப்பினார். இதற்கு நடுவில் இருவரும் ஒரே பாக்கெட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், அப்படியே கையை நீட்டிக் கொடுத்துடலாமே?" என்று நான் கேட்டேன்.

இருவரும் என்னை அதிர்ச்சியோடு பார்த்தார்கள்.

"ரெண்டும் வேற வேற துறை மேடம்" என்றார் லைசென்ஸ் சார்.

"ஒத்துழைக்கிறோம்மா. அதுக்காக முறையை விட்டுட முடியுமா?" என்றார் ஸ்டோர் சார், அவருக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே.

கடைசி நாளான புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போனேன். மேஜைமேல் என் லைசென்ஸ் கிடந்தது. தடித்த காகிதம், என் போட்டோ, லைசென்ஸ் சாரின் கையெழுத்து. நான் கையை நீட்டியதும் அவர் தன் கையை அதன்மேல் வைத்தார்.

"எங்க வேலை முடிஞ்சுது மேடம். ராணுவ மையத்தோட வட்ட முத்திரை ஒண்ணு விழணும். ஒப்பந்தத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"போடுங்க சார்" என்று ஸ்டோர் சாரிடம் திரும்பினேன்.

ஸ்டோர் சார் சுவரைப் பார்த்தார். பிறகு தன் நகத்தைப் பார்த்தார். அவர் பாதங்கள் நாற்காலிக்கு அடியில் பின்வாங்கின. பிரேக் கிடைக்காத கால்கள் அப்படித்தான் போகும்.

"நீங்கதாம்மா முதல் ஆள். இதுவரைக்கும் முத்திரை தேவைப்படல. அது பெட்டியில இருக்கு."

"எந்தப் பெட்டியில?"

"அது பட்டியல்ல இருக்கு. அம்பத்தெட்டு பெட்டி. எதுல எது இருக்குன்னு ஒண்ணுவிடாம நானே என் கையால எழுதினேன்."

"பட்டியல் எங்க சார்?"

"பெட்டியில."

"எந்தப் பெட்டியில?"

"அதையும் பட்டியல்ல குறிச்சிருக்கேன்ம்மா. நான் எதையும் விடறதில்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. மணி மூன்றேகால். ஐந்துக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள். நாளைக் காலை ஏழரைக்கு அந்தச் சின்ன காரில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பதினோரு வருடத்தில், எங்கே போனாலும் செல்லும் ஒரு லைசென்ஸுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதே இல்லை.

"மூணு நாளா தேடறார் மேடம்" என்று லைசென்ஸ் சார் பரிந்து பேசினார். "இருபத்தி மூணு பெட்டி பிரிச்சாச்சு. முத்திரை மேஜைச் சாமானோடதான் இருக்கணுமாம். முறை அதுதானாம்."

"முத்திரை இல்லாம குடுத்துடுங்களேன் சார். நாளைக்குக் கொண்டு வந்து போட்டுக்கிறேன்."

"நான் குடுத்துடுவேன் மேடம். வழியில போலீஸ் பிடிச்சா அது வெறும் பேப்பர்."

அவர் சொன்னதும் நியாயம்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுவருக்குப் போனேன். அதில் மிச்சம் முப்பத்தைந்து பெட்டி. ஒவ்வொன்றும் சதுரமாக, மூலை நசுங்காமல், பழுப்புக் காகித டேப் ஒட்டி நின்றது. பெட்டி கட்டுவதில் நானும் கொஞ்சம் திமிர் பிடித்தவள். இருந்தாலும் சொல்கிறேன், அந்த மனிதர் கட்டியதுதான் கட்டு. முதல் பெட்டியின் டேப்பைக் கிழிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். டேப்பின் நடுவில் நீல மையில் ஒரு வட்டம். 'ராணுவக் குடும்ப உதவி மையம்'.

பக்கத்துப் பெட்டியைப் பார்த்தேன். அதிலும் வட்டம். மேலே, கீழே, எல்லாவற்றிலும்.

"சார், இது என்ன?"

"முத்திரைம்மா. பெட்டியை ஒட்டினதும் டேப் மேல முத்திரை போட்டுடுவேன். வழியில யாராவது பிரிச்சா தெரிஞ்சுடும். முப்பது வருஷப் பழக்கம்."

"எல்லாப் பெட்டியிலயுமா?"

"ஒண்ணு விடாம."

"அம்பத்தெட்டாவது பெட்டியிலயும்?"

"அதுலயும்தான்." சொன்னவரின் வாய் திறந்தபடியே நின்றது.

"அம்பத்தெட்டையும் மூடி ஒட்டின பிறகு முத்திரை வெளியிலதானே இருந்திருக்கு? அப்புறம் அது எப்படி சார் இதுக்குள்ள போகும்?"

லைசென்ஸ் சார் ஒரு பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்தினார். ஸ்டோர் சார் மெதுவாக எழுந்து வந்து, தான் கட்டிய பெட்டிகளைத் தடவித் தடவிப் பார்த்தார். முப்பது வருடம் சட்டம்போல் கடைப்பிடித்த ஒன்று தன்னையே காலைவாரிவிட்டதைப் பார்க்கிற முகம். எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பு அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"சரி, விடுங்க. கடைசிப் பெட்டியை ஒட்டினீங்க. அப்புறம் என்ன பண்ணீங்க? வரிசையா சொல்லுங்க."

"பட்டியலை எழுதி முடிச்சேன். டீ போட்டுக் குடிச்சேன். லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். கிளம்பிட்டேன்."

இதற்குமேல் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு மாறுகிறவர்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். எல்லாம் கட்டி முடித்து, எண் போட்டு, பெருமூச்சு விட்ட பிறகுதான் கெட்டில் அடுப்படியில் இருப்பது கண்ணில் படும். சோப்பு, துண்டு, சார்ஜர், பாதி சர்க்கரை, எல்லாவற்றையும் கையில் கிடைத்த ஒரு சின்னப் பெட்டியில் அள்ளிப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு போவோம். அதற்கு எண் கிடையாது. புது வீட்டில் முதலில் பிரிவதும் அதுதான்.

"எண் போடாத பெட்டி ஒண்ணு இருக்குமே சார்?"

"என் கட்டுல அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்றார், கொஞ்சம் ரோஷமாக.

ஜன்னலோரத்தைக் காட்டினேன். அங்கே கெட்டில் இருந்தது, பக்கத்தில் மூன்று கோப்பை.

"இது எதுல வந்துச்சு?"

ஸ்டோர் சார் தலையைச் சொறிந்தார். "ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அது கணக்குல சேராது. வந்த அன்னிக்கே கெட்டிலை எடுத்துட்டு எங்கயோ வச்சேன். கூட்டறவங்க தூக்கிப் போட்டிருப்பாங்க."

குப்பைக்குப் போயிருந்தால் போனதுதான். என்ன செய்வதென்று தெரியாதபோது நான் செய்வது ஒன்றுதான். கீழே பார்த்தேன்.

இடது மேஜைக்கு அடியில் கறுப்பு ஷூ இரண்டும் வழக்கம்போல் சொகுசாக இருந்தன.

"லைசென்ஸ் சார், கொஞ்சம் காலைத் தூக்குங்க."

"என்னது?"

"காலைத் தூக்குங்க சார்!"

வகுப்பில் கத்துகிற குரல் தானாக வந்துவிட்டது. இரண்டு காலும் சட்டென்று மேலே போயின. குனிந்து பெட்டியை வெளியே இழுத்தேன். எண் இல்லை, டேப் இல்லை, முத்திரை இல்லை. வாரக்கணக்கில் மிதிபட்டு நடுவில் லேசாகக் குழிந்திருந்தது.

"நான் இதை ஆபீஸ்ல குடுத்த ஃபுட்ரெஸ்ட்னு நெனச்சேன்" என்றார் லைசென்ஸ் சார், காலைத் தூக்கியபடியே. "இந்த மேஜைக்கு வந்ததும் ரொம்ப அக்கறையா பண்ணியிருக்காங்களேன்னு நாலாவது மாடிக்கு நன்றிக் கடிதம்கூட எழுதினேன்."

உள்ளே தேயிலைப் பொட்டலம், சர்க்கரை டப்பா, ஒரு துண்டு. துண்டுக்குள் நாலாக மடித்த பட்டியல். அடியில் மரப்பிடி போட்ட வட்ட முத்திரை, நசுங்கிய மைப்பெட்டி. ஸ்டோர் சார் முத்திரையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். மை காய்ந்திருந்தது. கெட்டிலிலிருந்து நாலு சொட்டு வெந்நீர் விட்டார். தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார் லைசென்ஸ் சார். லைசென்ஸ் காகிதத்தை ஒருவர் நேராகப் பிடிக்க, ஒருவர் முத்திரையை அழுத்தினார். நாலாவது மாடியின் நினைப்பு இருவருக்கும் வரவில்லை. மணி மூன்று ஐம்பது.

கையில் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். செல்லுபடியாகும் இடம் என்ற வரிக்கு எதிரே 'எல்லா மாநிலங்களும்' என்று இருந்தது. இரண்டு முறை படித்தேன். நன்றி சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதனால் இன்னும் ஏன் காலைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று லைசென்ஸ் சாரைக் கேட்டேன்.

ஸ்டோர் சார் காலிப் பெட்டியை ஒட்டினார். டேப்பின்மேல் முத்திரை போட்டார். பட்டியலைப் பிரித்து, கடைசியில் 'ஐம்பத்தொன்பது, கால் வைக்க' என்று எழுதினார். பிறகு பெட்டியை அவரே குனிந்து இடது மேஜைக்கு அடியில் தள்ளினார்.

நான் கதவைத் தாண்டும்போது லைசென்ஸ் சார் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், இருபத்திரண்டு வருஷமா லைசென்ஸ் குடுக்கறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கால் எட்டாதுன்னு போகவே இல்ல."

"சீட்டை முன்னாடி தள்ளிக்கலாம் சார். முதல் நாளே அதைத்தான் பார்த்தேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் முப்பத்தோராம் பெட்டியை இழுத்துப் போட்டுக் கிழித்தேன். திரைச்சீலைகளை வாரி வீசினேன். அடியில் ஒரு போர்வை இருந்தது. ஷூ இல்லை. பெட்டியைக் கவிழ்த்து உதறினேன். இல்லை. வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து, வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார்.

"லைசென்ஸ் வந்துடுச்சு, நாளைக்குக் காலைல வேலை! ஷூவைக் காணோம்! இதுலதான் வச்சேன், என் கையாலதான் வச்சேன்!"

"அதுல இல்ல" என்றார்.

சமையலறைக்குப் போனார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை இறக்கினார். எங்கள் கெட்டில் வந்த பெட்டி. அதற்கும் எண் கிடையாது. உள்ளே ஒரு திருப்புளி, ஒரு கயிறு, அடியில் செய்தித்தாளில் சுற்றி என் ஷூ. புது லேஸ் கோத்திருந்தது.

"லாரிக்காரன் ஹாரன் அடிச்சப்ப மாத்தி வச்சேன்."

"பிரிக்க வேண்டாம்னு சொன்னேன்ல?"

"இங்க வந்து பிரிக்க வேண்டாம்னுதானே சொன்ன? நான் அங்கயே பிரிச்சுட்டேன்."

"எதுக்கு மாத்தினீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. "முதல் நாளே தேவைப்படற சாமானை இதுலதானே போடுவோம்? எப்பவும் இதுலதான் போடுவேன். இந்தத் தடவை வெளிய எடுத்து வச்சா நீ வருத்தப்படுவியேன்னு மேல வச்சுட்டேன்."

எப்பவும். முந்தைய ஊர்களிலெல்லாம் இறங்கிய மறுநாள் வாசலில் நின்ற ஷூவை நான்தான் எடுத்து வைத்தேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் காலையெல்லாம் பார்ப்பவளுக்கு, தன் ஷூவை யார் வைக்கிறார் என்று பார்க்கத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.

"இந்தப் பெட்டியை என்ன பண்றது? தூக்கிப் போட்டுடவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வேண்டாம், பத்திரமா எடுத்து வைங்க" என்று சொன்னேன். "அடுத்த ஊருக்கும் என் ஷூ அதுலதான் வரணும்."